வீடும் வழியும்



கோவை உக்கடத்துக் குளக்கரைகளில் குடிசையிட்டு வாழ்ந்த பல குடும்பங்களுக்கு, 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி வீடுகள் கட்டித் தந்தது. நற்செயலே அது. ஆயின் அவ்வீடுகளுட் பல, நகருக்கு வடக்கே கீரணத்தத்திலும் தெற்கே மலுமிச்சம்பட்டியிலும் எழுந்தன. உக்கடத்துச் சந்தைக்கு நடந்தே சென்றவர்கள் பேருந்துக்குக் காத்து நிற்கலாயினர். 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் நீக்கப்பட்டது. காசு மிஞ்சியது, பொழுது மிஞ்சவில்லை. விடியுமுன் கூடை சுமப்பவளுக்கு முதல் வண்டி தவறினால் அன்றைய கூலியும் தவறும்.

1960இல் நிறுவப்பெற்ற சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தன் புதுநகரங்களில் வீடுகளோடு பள்ளி, கடை, பேருந்து நிலையம் ஆகியவற்றுக்கும் இடம் வகுத்தது. நாமும் மாடிகளை எண்ணுமுன், வாசலிலிருந்து வேலைத்தலத்துக்கு எத்தனை நாழிகை என்று கணக்கிடுவோமாக.