விரைந்து படித்தலும் மனக்கண்ணால் காணுதலும்



தன் தாய் நடவு வேலையில் சேர்த்த பணத்தை விரைவுப் படிப்புப் பயிற்சி ஒன்றிற்குக் கட்டிவிட்டு, நம் இரவுப் பாடசாலைக்கு வந்தான் ஒரு மாணவன். வரிகளின்மேல் விரலை ஓட்டினான். இரண்டே நிமிடத்தில் ஒரு பாடத்தை முடித்தான். நூலை மூடி, “என்ன படித்தாய்?” என்றேன். தலைகுனிந்து நின்றான்.

குற்றம் அவனுடையதன்று. முதல் தலைமுறையாகப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு நேரம் குறைவு. தண்ணீர்க் குடமும் தொழுவமும் காத்திருக்கின்றன. குறுக்குவழியை மனம் நாடுதல் இயல்பே.

விரலோட்டிப் படிக்கும் முறையை அமெரிக்காவில் ஈவ்லின் உட் அம்மையார் 1959ஆம் ஆண்டு முதல் வகுப்பு நடத்திப் பரப்பினார். ஆயினும் கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவி நிற்கின்றது. நிற்கும்போதே எழுத்தைக் காண்கின்றது. கீத் ரெய்னர் முதலிய உளவியலறிஞர்களின் கட்டுரை 2016இல் வெளிவந்தது. வேகத்தை மிகக் கூட்டினால் பொருளுணர்வு குறையும் என்பதே அதன் முடிவு. சொல்வளம் பெருகப் பெருக வேகமும் ஓரளவு கூடும், அதற்குக் கட்டணமில்லை.

அவனுக்கு வேறொரு பயிற்சி தந்தேன். இதயத்தைப் பற்றிய பத்தியை நிதானமாகப் படி, நூலை மூடு, கண்ணையும் மூடு. உயிர்வளி குறைந்த இரத்தம் வலப்புறம் நுழைந்து நுரையீரலுக்குச் செல்வதை மனத்தில் பின்தொடர். பின்னர்க் கரித்துண்டால் தரையில் வரை. நூலைத் திறந்து பிழை திருத்து. குடம் சுமந்து வரும் வழியிலும் மனத்தில் ஒருமுறை வரைந்து பார்.

அன்று மூன்று அறைகளே வரைந்தான். நான்காவது அறையை மறுநாள் விடியலில் என் வீட்டு வாசலில் வந்து வரைந்து காட்டினான்.