பத்தாவது முடித்த பிள்ளைக்குக் கணக்கு வேண்டுமா?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

தண்ணீர் லாரி பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் பாடப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன். செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மே மாதம், எங்கள் வீட்டில் சமையலுக்கு வரும் அம்மா மகளின் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்தார். பக்கத்து ஊரூர் ஒல்காட் குப்பம்தான் அவருக்கு. கணக்கில் 52. "கணக்கு இல்லாத குரூப்புல சேர்த்துடுங்கன்னு சொல்றாங்க சார். இவளுக்கு பேங்க் வேலைதான் ஆசை. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1978இல் பிளஸ் டூ வந்தபோது முதல் செட்டில் சேர்ந்தவன் நான். கணக்குக்குப் பயந்து காமர்ஸ் எடுத்தேன். பி.காம்.இல் புள்ளியியல் பிடித்துக்கொண்டது. வங்கித் தேர்வில் மறுபடியும் கணக்கு.

அதனால் விசாரித்தேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் காமர்ஸ் குரூப்பிலேயே 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' என்று ஒரு பாடம் உண்டு. அணிகள், வகையிடல், மாதத் தவணைக் கணக்கு, ஒட்டுறவு எல்லாம் அதில் வருகின்றன. சி.ஏ. பவுண்டேஷனில் 100 மதிப்பெண்ணுக்கு வரும் கணக்குத் தாளுக்கு இது நல்ல அடித்தளம். ஆனால் எல்லாப் பள்ளியிலும் இந்தப் பாடம் இல்லை. சேர்க்கும் முன் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். முதல் குரூப் படித்தவர் பி.காம். சேரலாம். வணிகக் கணிதம் படித்தவர் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது. அங்கே 200க்கான கட் ஆஃபில் பாதி, அதாவது 100, கணிதத்துக்கு. மீதி இயற்பியலும் வேதியியலும். இது ஒருவழிப் பாதை.

நம் குடியிருப்பில் சி.பி.எஸ்.இ. பிள்ளைகளே அதிகம். பத்தாவதில் 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று 2020 முதல் இரண்டு தாள். மார்க் வரட்டும் என்று பேசிக் எழுத வைக்கும் பெற்றோர், பதினொன்றாம் வகுப்பில் எந்தக் கணக்கு கிடைக்கும் என்று பள்ளியில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 'அப்ளைடு மேத்ஸ்' எடுத்தால் டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.காம். ஆனர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில் குரூப் கேட்பதில்லை, பத்தாவதில் கணக்கு படித்திருந்தால் போதும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் முதல் நான்கு வாரம் பாடம் நடத்தி, கணிதத்திலும் புள்ளியியலிலும் தேர்வு வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை பதினொன்றாம் வகுப்பு. பல பள்ளிகள் அந்த வருடப் பாடத்தை ஒதுக்கிவிட்டு நேரே பன்னிரண்டுக்குத் தாவியதால்தான் 2018இல் அதற்குப் பொதுத்தேர்வு வைத்தார்கள். இப்போது அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். நுண்கணிதம் தொடங்குவதே அந்த வகுப்பில்தான். அது நழுவினால் கல்லூரி முதல் செமஸ்டரிலேயே தெரிந்துவிடும். உங்கள் பிள்ளையின் பதினொன்றாம் வகுப்பு நோட்டை இன்று இரவு ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அந்தப் பெண் வணிகக் கணிதம்தான் எடுத்திருக்கிறாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் சங்க அறையில் அவளும் குப்பத்துப் பிள்ளைகள் மூவரும் உட்காருகிறார்கள். வட்டிக் கணக்கு வரை நான் சமாளித்துவிடுவேன். வகையிடல் தொடங்கிவிட்டது, அது எனக்குக் கை வராது. உங்களில் ரிட்டயர்டு இன்ஜினியர்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். யார் வருகிறீர்கள்? உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம். நாற்காலி இருக்கிறது, ஒரு வெள்ளைப் பலகைதான் வாங்க வேண்டும்.