எந்தச் சண்டைக் கலையில் கை வைப்பது?



பள்ளி நாட்களில் கராத்தே வகுப்புக்குப் போய், பச்சை பெல்ட்டோ பிரவுன் பெல்ட்டோ வாங்கி, பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்ததும் விட்டுவிட்டவர்கள் நம் ஊர்களில் ஏராளம். முப்பது வயதைத் தாண்டிய பிறகு அவர்களில் பலருக்கு மறுபடி ஆசை துளிர்க்கிறது. பழையதே எதற்கு, புதிதாக ஒன்று பழகலாமே என்று தேடினால் பாக்ஸிங், முவாய் தாய், கிக் பாக்ஸிங், டேக்வாண்டோ, குத்துவரிசை என்று தெருவுக்கொரு போர்டு தொங்குகிறது. ஆளைப் பிடித்துச் சாய்க்கும் ஜூடோ, மல்யுத்தம் இரண்டையும் இன்றைக்கு விட்டுவிடுகிறேன். கையாலும் காலாலும் அடிக்கிற கலைகளை மட்டும் பார்ப்போம்.

இவற்றில் எது உசத்தி என்று கேட்டால் ஒவ்வொரு மாஸ்டரும் தம்முடையதைத்தான் சொல்வார். சொல்லட்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கலையின் போட்டியில் எதற்குத் தடை? எதைச் செய்யக்கூடாது என்று விதி சொல்கிறதோ, அதைத் தடுக்கும் பழக்கமும் நாளடைவில் உடம்பை விட்டுப் போய்விடும். ஒரு கலையின் பலமும் பலவீனமும் அதன் விதிப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

டேக்வாண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் உருவாகி, 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்கப் போட்டியாக இருக்கும் கலை. அதில் எதிராளியின் முகத்தில் குத்தக்கூடாது, உதைக்கலாம். நெஞ்சுக் கவசத்தின் மேல் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. சுழன்று உதைத்தால் அதற்கு மேலும் 2. இப்படிக் கணக்கு வைத்தால் கையை யார் நம்புவார்கள்? அதனால்தான் அந்த வீரர்களின் கைகள் தொடையோரம் தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்க அசட்டையாகத் தெரியும். உண்மையில் விதியைச் சரியாகப் புரிந்துகொண்டதன் விளைவு அது. தூக்கிய முன்காலைத் தரையில் வைக்காமலே இரண்டு மூன்று உதை தொடர்ந்து விடுகிறார்களே, அந்த இடுப்பு லாகவத்தை வேறெந்தக் கலையும் இவ்வளவு சீக்கிரம் தராது. ஆனால் முகத்தைப் பார்த்து நேராகக் குத்துகிற ஒருவர் எதிரே வந்து நின்றால், பல வருடம் பழகியவருக்குக்கூட முதல் குத்துக்குக் கை மேலே ஏறாது.

கராத்தேயில் இந்த விதி விவகாரம் உலகத்தின் கண் முன்னாலேயே நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 7. ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிச் சண்டை. சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஓர் உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயின் தலைப்பக்கம் விழுந்தது. கஞ்ச்சாதே நினைவிழந்து சாய்ந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, கட்டுப்பாடு இல்லாமல் உதைத்தார் என்று ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். உதைத்தவருக்கு வெள்ளி, விழுந்தவருக்குத் தங்கம். உலகமே சிரித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. முழு வேகத்தில் போகும் காலைத் தோலைத் தொடுமிடத்தில் நிறுத்துவதுதான் அந்தப் போட்டி கேட்கும் திறமை, அது லேசில் வராது. ஆனால் நேயர்களே, வருடக்கணக்காக நிறுத்தியே பழகிய கால், நிறுத்தக்கூடாத சமயத்திலும் நின்றுவிடும். அடுத்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தேக்கே இடம் இல்லாமல் போனது.

நிறுத்தாமல் அடிக்கிற கராத்தேயும் இருக்கிறது. மசுதாட்சு ஒயாமா தொடங்கிய கியோகுஷின். கிளவுஸ் கிடையாது. வெறுங்கையால் நெஞ்சிலும் வயிற்றிலும் குத்தலாம், தலையைக் காலால் உதைக்கலாம், முகத்தில் மட்டும் கையால் குத்தக்கூடாது. அதனால் இருவரும் முகத்தோடு முகம் வைத்து நின்றுகொண்டு நெஞ்சில் இடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த இடி தாங்கும் பலத்துக்கு ஈடு இல்லை. தூரம் வைத்துச் சண்டை போடுவதை மட்டும் வேறெங்காவதுதான் கற்க வேண்டும்.

முவாய் தாயில் தடைகள் குறைவு. கை, முழங்கை, முழங்கால், கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பு என எட்டு ஆயுதம். போதாக்குறைக்கு எதிராளியின் கழுத்தைக் கட்டிப் பிடித்து முழங்காலால் இடிக்கவும் இடம் உண்டு. பாங்காக்கில் ராஜதம்னெர்ன் அரங்கம் 1945 முதல் நடக்கிறது. அங்கே சண்டைக்கு முன் வீரர் தம் குருவை வணங்கி மெல்ல ஓர் ஆட்டம் ஆடுவார், சண்டை முடியும்வரை குழலும் மேளமும் ஒலிக்கும். நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். உடம்பு நிமிர்ந்திருக்கும், முன்கால் தரையை லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். எதிராளி தொடையை நோக்கி உதைத்த கணமே அந்தக் காலைத் தூக்கி முன்னெலும்பால் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். எலும்பும் எலும்பும் மோதும்போது வருகிற வலி ஆரம்பத்தில் கண்ணில் நீரை வரவழைக்கும். எலும்பை உரமாக்குகிறேன் என்று பாட்டிலை உருட்டித் தேய்க்கச் சொல்லும் ஆளிடமிருந்து விலகி இருங்கள். கனமான பஞ்சிங் பேக்கைப் பொறுமையாக உதைத்து வந்தாலே போதும்.

பாக்ஸிங்கில் இருப்பது இரண்டு கை மட்டும். கிளவுஸ், 3 நிமிட ரவுண்டு, 1 நிமிட ஓய்வு என்ற ஒழுங்கெல்லாம் 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகளில் வந்தவை. வடசென்னைக்காரர்களுக்கு நான் இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பரம்பரை பரம்பரையாக அங்கே வளர்ந்த ஆட்டத்தை 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் ஊரறியச் செய்தது. ஆயுதம் குறைவு என்பதாலேயே இதில் ஆழம் அதிகம். முன்கையால் ஒரு நேர்க்குத்து (ஜாப்), ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே. முதல் மாதம் முழுக்க இதுவாகத்தான் இருக்கும். சலித்துப்போய் நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதத்தில்தான் நிற்கிறார்கள்.

கையில் துணி சுற்றுவதிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. நாலரை மீட்டர் நீளத் துணி. கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் இறுக்கமாகச் சுற்றி, விரல் முட்டிகளின் மேல் மெத்தையாக மடித்து, விரலிடுக்குகளில் விட்டு வாங்கி, திரும்ப மணிக்கட்டில் முடிக்க வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறவர் சுண்டுவிரல் பக்கத்து எலும்பை ஒருநாள் முறித்துக்கொள்வார்.

பழைய கராத்தேக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். ஒரு கை குத்தும்போது மறு கையை இடுப்புக்கு இழுக்க வேண்டும் என்று சின்ன வயதில் ஆயிரம் தடவை பழக்கியிருப்பார்கள். பாக்ஸிங்கில் அந்தக் கை தாடையை விட்டு இறங்கக்கூடாது. இறங்கினால் வலிக்கும், வலித்தால் பழக்கம் மாறும். அதற்காகவே அவர்களை நான் முதலில் இங்கே அனுப்புவேன்.

ஆனாலும் விலையைச் சொல்லாமல் விட முடியாது. இதில் அடி விழுவது தலையில். தலைக்கவசம் போட்டுக்கொண்டால் பயமில்லை என்பார்கள். கவசம் புருவம் கிழியாமல் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கவசம் இல்லாமல்தான் ஆடினார்கள். அலுவலகம் போய்ப் பிழைக்கிற நமக்கு வாராவாரம் பலமாக அடி வாங்கும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) தேவையே இல்லை. பாதி வேகத்தில், பாதி பலத்தில் ஆடும் ஸ்பாரிங்கே கண்ணையும் காலையும் பழக்கிவிடும்.

நம்மூர்க் கலைகளுக்கு வருவோம். குத்துவரிசையும், குமரி மாவட்டத்து அடிமுறையும். ‘பட்டாஸ்’ படம் வந்த பிறகு அடிமுறை என்ற பேராவது பலருக்குத் தெரிந்தது. ஒற்றைச்சுவடு, கூட்டுச்சுவடு என்று ஆசான் காலடியிலிருந்து கட்டிக்கொண்டு வருவார். உடம்பைத் தாழ்த்தி, திரும்பி, எழுந்து அடிக்கும் அந்த நடை அழகானது, தொடைக்குக் கடுமையானது. சிலம்பத்தின் மேல் ஆசை உள்ளவர் இதைத்தான் பிடிக்க வேண்டும். குறை என்னவென்றால், பல இடங்களில் பாடமும் மேடைக் காட்சியும் இருக்கும் அளவுக்கு, எதிர்த்து நிற்கும் ஆளோடு முறை வைக்காமல் மோதிப் பார்க்கும் பயிற்சி இல்லை. ஒரு விரலால் வர்மத்தைத் தொட்டு ஆளைச் சாய்க்கிறேன் என்று ஆசான் யாராவது சொன்னால், அவருடைய சீடர் மேல் வேண்டாம், உங்கள் மேல் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சரி, யார் எதில் சேர்வது? பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டேக்வாண்டோ அல்லது நிறுத்தி அடிக்கும் கராத்தே. தலையில் பலமான அடி விழும் எதுவும் அந்த வயதுக்கு வேண்டாம். முட்டி தேய்ந்தவர்கள் உதைப்பதை மறந்துவிட்டுப் பாக்ஸிங்குக்குப் போகலாம். முட்டி நன்றாக இருக்கிறது, அடிக்கும் கலையில் ஒன்றே ஒன்றுதான் பழக நேரம் உண்டு என்கிறவருக்கு என் ஓட்டு முவாய் தாய்க்கு. அதன் விதி மறைக்கும் இடங்கள் மற்றவற்றைவிடக் குறைவு.

கலையைத் தீர்மானித்த பிறகு வகுப்பைத் தீர்மானியுங்கள். இலவசமாக வியர்க்க வைத்து அனுப்பும் முதல் நாள் வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து, பழைய மாணவர் புது மாணவரோடு ஸ்பாரிங் செய்வதைப் பாருங்கள். புதியவரின் மூக்கில் ரத்தம் வந்த பிறகும் பழையவர் வேகத்தைக் குறைக்கவில்லை, மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கொரு பெல்ட் என்று கட்டணப் பட்டியல் நீட்டினாலும் அப்படியே. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தலையில் முன்பு அடிபட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சேர வேண்டாம். பல் காப்பைச் சொந்தமாக வாங்கி, வெந்நீரில் இட்டுக் கடித்து உங்கள் பல்லுக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.