மெனுவுக்குள் புதைந்த உரிமை

(திருமழிசையில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழக இணையதளத்தைத் திருத்தி அமைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாதி ஒழிப்பு மேடையில் இது என்ன பேச்சு என்று தோன்றலாம்.

முனைவர் பட்ட ஆய்வாளரான என்னிடம் ஜூனியர்கள் அதிகம் கேட்பது ஆய்வைப் பற்றி அல்ல. "அக்கா, ஸ்காலர்ஷிப் பாரம் எங்கே இருக்கு? கடைசி தேதி எப்போ?" இதைத்தான். வீட்டில் பேராசிரியர் இருப்பவருக்கு ஒரு போன் போதும். இங்கே சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்ப்பவரின் மகளுக்கு இணையதளம்தான் வழி.

அதைத் திறந்தால்? துணைவேந்தர் படம், ஆட்சிக்குழு, பதிவாளர், துறைகள். அதிகாரப் படிநிலைதான் மெனுவாக நிற்கிறது. மாணவருக்கு வேண்டியது 'சுற்றறிக்கைகள்' என்பதற்கு அடியில், ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகக் கிடக்கிறது. அது வெறும் படம், தேடினாலும் சிக்காது.

இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. பொதுக் குளங்கள் எல்லாருக்கும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. மறு ஆண்டு மகத் நகராட்சியும் தீர்மானம் போட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் தலைமையில் மக்கள் இறங்கும்வரை சவுதார் குளத்துத் தண்ணீர் தாளில்தான் இருந்தது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் கேட்காமலே தகவல் வெளியிட வேண்டும், அதில் உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. யுஜிசியின் 2012 விதிமுறைகள் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்றன. சாதிப் பாகுபாடு பற்றிப் புகார் தர இணையதளத்தில் தனிப் பக்கம் வைக்கச் சொல்லியும் யுஜிசி சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பிறகும் 2016இல் ரோஹித் வெமுலாவை இழந்தோம்.

நாம் கேட்க வேண்டியவை:

முகப்பில் மாணவரின் கேள்விகள் வரட்டும்: சேர்க்கை, உதவித்தொகை, விடுதி, தேர்வு, புகார். ஒவ்வொரு அறிவிப்பிலும் கடைசி தேதி, பார்க்க வேண்டிய அலுவலர், தொலைபேசி எண் இருக்கட்டும். தமிழில், செல்போனில் படிக்கும்படி. முனைவர் பட்ட இடங்கள் எத்தனை, எந்தப் பிரிவில் எத்தனை நிரம்பின என்பது ஒரே அட்டவணையில் வரட்டும். குழப்பத்தால் நமக்கு நட்டம்; அதில் லாபம் பார்ப்பவர்களும் உண்டு. வடிவமைத்து முடிக்கும் முன், முதல் தலைமுறை மாணவர் ஐந்து பேர் கையில் போனைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

இன்றிரவு உங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரின் பெயரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ மனு போடுங்கள். சேர்ந்தே போடுவோம்.