மலையகச் சிறுமிக்கு ஆங்கிலமும் இணையமும்

நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை



நூறாவது ஆண்டில் நாம் பெற்றவற்றை எண்ணி மகிழ்கிறோம். அதே வேளையில், அவற்றைப் பெறாத பிள்ளைகளைப் பற்றியும் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களில் பலர் இன்றும் லயங்களில் வாழ்கிறார்கள். 1948இல் அவர்களுள் பெரும்பாலோரின் பிரசாவுரிமை பறிபோனது. 1945இல் வந்த இலவசக் கல்வியும் அவர்களை உரிய காலத்தில் எட்டவில்லை. 1970களிலேதான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அதுவரை பல தோட்டங்களில் ஓர் ஆசிரியரே ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துப் படிப்பித்தார்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. வீட்டில் இருந்தது ஒரே போன். அதுவும் அண்ணன் கையில். சிக்னல் தேடி மேடு ஏற வேண்டும். பெண்பிள்ளையின் முறை கடைசியில்தான் வந்தது.

இன்று பல்கலைக்கழக விண்ணப்பமும் இணையவழிதான். பட்டணத்துக் கொமினிகேஷனில் அதை நிரப்பினால் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவளோ தான் வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிடுகிறாள்.

ஆகவே ஆங்கிலத்தையும் இணையத்தையும் ஒரே பாடமாகப் படிப்பிப்போம். தன் மின்னஞ்சலைத் தானே திறக்கவும், மருந்துச் சீட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் வாசிக்கவும் அவள் பழகட்டும்.

படத்தைக் காட்டி ஒருவன் மிரட்டினால் யாரிடம் சொல்வது என்பதும் பாடமாகட்டும். முதல் வகுப்பில் அம்மாமாரும் அமரட்டும். இல்லாவிட்டால் வீட்டார் போனைப் பறிப்பார்கள்; படிப்பையும் நிறுத்துவார்கள்.

படிப்பிப்பவள் உயர்தரம் முடித்த அதே தோட்டத்துப் பிள்ளையாக இருக்கட்டும். அவளுக்குரிய சம்பளத்தை நாம் கொடுப்போம்.

லண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகளே, பரீட்சையில் சித்தி தந்த ஆங்கிலம் அங்கே பஸ்ஸிலும் வங்கியிலும் தடுமாறியதை நீங்கள் அறிவீர்கள். புலம்பெயர்ந்தவளுக்கு மொழி எத்தனை கதவுகளைத் திறக்கும் என்பதையும் அறிவீர்கள். வாரத்தில் அரை மணி நேரம் ஒரு பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசுங்கள். கணினி வாங்கப் பணம் சேர்த்துவிடலாம். அந்த அரை மணி நேரத்தை நீங்கள்தான் தர முடியும்.