ரசீதுடன் காத்திருக்கும் மக்கள்

(ஹவுராவில் தமிழ்த் தோழர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

ஹவுரா, வெளியிலிருந்து வந்தவர்களின் உழைப்பால் எழுந்த நகரம். ஹூக்ளி கரையின் சணல் ஆலைகளுக்கும் இரும்பு வார்ப்புப் பட்டறைகளுக்கும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். 1947 பிரிவினைக்குப் பின்னும் 1971 போரின்போதும் கிழக்கு வங்கத்து அகதிகள் மேற்கு வங்கமெங்கும் குடியேறினர். இன்று இதே மாவட்டத்தின் பாஞ்ச்லா பகுதியிலிருந்து ஜரிகைத் தொழிலாளர்கள் பிழைப்புத் தேடி வெளி மாநிலங்களுக்குச் செல்கின்றனர். வந்தவரிடமும் சென்றவரிடமும் இப்போது கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: இந்நாட்டில் சட்டப்படி வசிப்பதற்கு என்ன சான்று?

குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது. அதன் விதிகளோ 2024 மார்ச் 11 அன்றுதான் வெளியாயின. நான்காண்டுகளுக்கும் மேலாக விண்ணப்பிக்கக்கூட வழியில்லை. விதிகள் வந்தபின், விண்ணப்பதாரர் இரண்டு வகைச் சான்றுகளைக் காட்ட வேண்டும். ஒன்று, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் ஒன்றைச் சேர்ந்தவர் என்பதற்கு. மற்றொன்று, 2014 டிசம்பர் 31-க்குள் இந்தியாவுக்குள் வந்தார் என்பதற்கு. இரவோடு இரவாக எல்லை கடந்த குடும்பம் எந்தப் பட்டாவை, எந்தப் பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுவந்திருக்கும்?

இதைவிடப் பெரிய இக்கட்டு விண்ணப்பித்த பிறகு தொடங்குகிறது. விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதே, "நான் இந்நாட்டுக் குடிமகன் அல்ல" என்ற எழுத்துப்பூர்வமான ஒப்புதலாகும். அதுவரை ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் வைத்திருந்தவர், அந்த ஒப்புதலை அரசின் கையில் கொடுத்துவிட்டு, வெறும் ரசீதுடன் வீடு திரும்புகிறார். அவர் இனி யார்? விண்ணப்பித்தார் என்ற காரணத்துக்காக, அன்றுவரை அவருக்கிருந்த உரிமைகளையும் சலுகைகளையும் பறிக்கக் கூடாது என்று சட்டத்தின் 6பி பிரிவு கூறுகிறது. ஆனால் நடைமுறை வேறு.

2025 நவம்பரில் மேற்கு வங்கத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தப் பணி தொடங்கியது. 2002-ஆம் ஆண்டுப் பட்டியலோடு தொடர்பு காட்ட இயலாதோர் ஆவணம் தர வேண்டும் என்றது தேர்தல் ஆணையம். குடியுரிமை விண்ணப்ப ரசீதையும் ஆவணமாக ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதலில் குடியுரிமை முடிவாக வேண்டும், பிறகே வாக்காளர் பட்டியல் என்ற கருத்தையே நீதிமன்றம் தெரிவித்தது. முடிவு செய்ய வேண்டியது அரசு, தாமதிப்பதும் அரசு, தண்டனை மட்டும் காத்திருப்பவனுக்கு!

மத அடிப்படையில் வகுத்த இச்சட்டத்தின்கீழ் முஸ்லிம் ஏழைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பே இல்லை. இங்கேயே பிறந்தவருக்கும் பாதுகாப்பில்லை. 2025 ஜூனில் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண், பிழைக்கச் சென்ற தில்லியில் குடும்பத்துடன் பிடிக்கப்பட்டு வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டார். திரும்ப அழைத்துவர வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ஆணையிட்டும், டிசம்பரில்தான் அவர் தாய்மண்ணை மிதித்தார். வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமையைச் சந்தேகிக்கப்படுபவர் மீதே சுமத்திய 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முறை, 2025-இன் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. தாமோதர் வெள்ளம் அடிக்கடி சூழும் ஹவுராவின் ஆம்தா, உதயநாராயண்பூர் கிராமங்களில் வீட்டோடு காகிதமும் போகிறது. அந்த மக்கள் எதைக்கொண்டு நிரூபிப்பார்கள்?

இது வங்கத்தின் துயரம் மட்டுமன்று. தமிழகத்திற்கும் பழகிய துயரம். 1964-இல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா உடன்பட்டது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த பலருக்கு, 1984-இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றதும் வழி அடைபட்டது. இனவன்முறைக்கு அஞ்சிப் படகேறி வந்தவர்கள் மண்டபத்திலும் திருச்சி கொட்டப்பட்டிலும் முகாம்வாசிகளாயினர். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய பயண ஆவணமின்றி வந்தவர்களைச் "சட்டவிரோதக் குடியேறி" என வரையறுத்து, குடியுரிமைக் கதவை அடைத்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இலங்கைத் தமிழரை விலக்கியது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு 2025-இல் தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் குடிமகன் என்பதே பொது விதி. இருந்தும், மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் பெற மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் படியேற வேண்டியிருந்தது. 2022-இல்தான் அவருக்குச் சாதகமான ஆணை கிடைத்தது. சட்டம் ஏற்கெனவே அளித்த உரிமைக்கே இத்தனை ஆண்டுக் காத்திருப்பு!

தோழர்களே! கிளைகள் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. விண்ணப்பம் கொடுக்கும் முன், அந்தக் குடும்பத்தில் யார் எந்த ஆண்டில் எங்கே பிறந்தார் என்பதைக் கணக்கெடுக்க வேண்டும். பிறப்பால் குடிமகனானவர் அச்சத்தால் தன்னை அந்நியர் என எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் நகலும், ஒவ்வொரு மனுவுக்கும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைக்க வேண்டும். நீக்கப்பட்ட பெயர்களுக்கு உரிய காலத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

அரசியல் கோரிக்கைகளும் தெளிவானவை. விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கக் காலவரம்பு வேண்டும். முடிவு வரும்வரை ரசீதே வசிப்புரிமைச் சான்றாக ஏற்கப்பட வேண்டும். நிரூபிக்கும் சுமை அரசின் மீது இருக்க வேண்டும். குடியுரிமைக்கு மதம் அளவுகோலாகக் கூடாது. ஹவுராவின் ஆலைத் தொழிலாளிக்காகவும் மண்டபத்தின் முகாம்வாசிக்காகவும் எழ வேண்டிய குரல் ஒன்றே.