வாசலில் யார் நிற்பது?



ஒரு ஞாயிறு இரண்டாம் பூசை. ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர்கள் மூவர், பூசை முடியும்வரை எங்கள் கோவில் வாசற்படியிலேயே நின்றார்கள். உள்ளே பெஞ்சுகள் காலியாக இருந்தன. பிறகு கேட்டேன். "எங்க உட்காரணும்னு தெரியல ஃபாதர்" என்றார் ஒருவர், தட்டுத்தடுமாறிய தமிழில். அதே பூசைக்குத் தாமதமாக வந்த ஒரு பெரிய மனிதருக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லிக் கண்ணசைத்தவன் நான்தான். யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பொன் மோதிரம் அணிந்தவரும் அழுக்கு உடை உடுத்தியவரும் தொழுகைக்கூடத்துக்கு வருவார்களே, அதைப் பலமுறை மறையுரையில் விளக்கியவன்.

வாசலில் நிற்பது சின்ன வேலை அல்ல. குருப்பட்டத்துக்குப் போகும் வழியில் பெற்ற சிறு பட்டங்களில் முதலாவது, வாயிற்காவலர் பட்டம். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை நீக்கினார். பட்டம்தான் போனது. மக்களை வாசலில் வரவேற்று இடம் காட்டுவோரைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை (எண் 105) இன்றும் வழிபாட்டுப் பணியாளர்களோடு சேர்த்தே சொல்கிறது.

உங்கள் பங்கிலும் பூசைக்கு இருவர் போதும். கால் மணி நேரம் முன்னதாக வாருங்கள். இந்தி தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு வணக்கம், உட்கார ஓர் இடம், நற்கருணைக்கு எந்த வரிசை என்று ஒரு கைகாட்டல். "எந்த ஊர், எந்தத் தெரு?" என்ற விசாரணை மட்டும் வேண்டாம். அது எதற்கென்று வந்தவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அந்த மூவரில் இருவர் மறுவாரம் வந்தார்கள். மூன்றாமவரை இன்னும் காணோம்.